சடையங்குப்பம் – கீது

காலை ஒன்பதரைக்கு ஆபீசுக்குள் நுழைந்ததும் கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து வைப்பேன். சாயங்காலம் கிளம்பும்வரை அதை மூட மாட்டேன். பதினாலு வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு இடத்தின் பெயர், பக்கத்தில் ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சொல். வட்டம் பச்சை என்றால் ‘கீது’, எங்கள் வடசென்னைப் பேச்சில் ‘இருக்கிறது’. சிவப்பு என்றால் ‘இல்ல’. அந்த இரண்டு சொல்லையும் அங்கே போட்டவள் நான்தான். இப்போது அந்த இடத்தில் வேறு சொற்கள் இருக்கின்றன. மாற்றியவளும் நான்தான்.

எங்கள் ஆபீஸ் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே இருக்கிறது. கன்டெய்னர் லாரி போனால் மேஜை ஆடும், வரிசையாகப் போனால் பேனா உருண்டு கீழே விழும். முதலாளி அந்தக் காலத்தில் வீடு வீடாகக் கேபிள் டிவி கொடுத்தவர். இப்போது அதே கம்பங்களில், அதே தெருக்களில் இன்டர்நெட் கொடுக்கிறார். நான் புகார் எடுப்பவள், கம்ப்யூட்டர் பார்ப்பவள், லைன்மேன்களை அங்கே இங்கே அனுப்புகிறவள். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மளிகைக் கடை வைத்தவர். அதனால் கோபம் வந்தால் என் வாயில் ஊர்ப் பேச்சு வந்துவிடும், லைன்மேன்கள் சிரிப்பார்கள். கோபம் எனக்கு மூக்குக்கு மேலே நிற்கும். அதைச் சொல்லிவிடுவது நல்லது.

கம்ப்யூட்டரில் அந்தப் பக்கம் வருவதற்கு முன்னால், எங்கே கோளாறு என்பதை நாங்கள் வசவு வாங்கித்தான் தெரிந்துகொள்வோம். ஒருத்தர் கூப்பிட்டு நெட் வரவில்லை என்பார். அவர் வீட்டில் கோளாறா, தெருவுக்கே கோளாறா என்று தெரியாது. நாலு பேர் கூப்பிட்டுத் திட்டினால் தெருவுக்கே கோளாறு. அரை மணியில் இருபது பேர் திட்டினால் எர்ணாவூர் மொத்தமும் போய்விட்டது. இப்படித் திட்டை எண்ணி எண்ணி எனக்கு வெறுத்துப்போய்த்தான், இதற்கு ஒரு வழி இருக்காதா என்று தேடினேன். எந்த நாட்டிலோ யாரோ ஒரு புண்ணியவான் ஒரு சின்ன நிரல் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து மாற்றிக்கொள்ளலாம் என்று போட்டு வைத்திருந்தார்.

முதலாளி நம்பவில்லை. “ஓசில குடுக்கறானா? அப்போ டுபாக்கூராத்தாம்மா இருக்கும்” என்றார். மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, ஒரு பழைய கம்ப்யூட்டரில் அதை ஏற்றினேன். அது செய்யும் வேலை இவ்வளவுதான்: தெருக்களில் நாங்கள் வைத்திருக்கும் பதினாலு பெட்டிகளையும் அரை நிமிஷத்துக்கு ஒருமுறை கூப்பிடும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயர் வாசிக்கிற மாதிரி. பெட்டி ‘உள்ளேன்’ என்று பதில் சொன்னால் பச்சை. மூன்று முறை கூப்பிட்டும் சத்தம் இல்லை என்றால் சிவப்பு. அதோடு வந்த குறிப்பில் முதல் பத்தியிலேயே எழுதியிருந்தது, இது பெட்டி பதில் சொல்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், வேறு எதுவும் இதற்குத் தெரியாது என்று. படித்தேன். இதைப் போய் எழுதி வைத்திருக்கிறானே, தெரியாதா என்று தாண்டிப் போனேன்.

அதில் இங்கிலீஷில் இருந்த இரண்டு சொல்லைத் தேடிப் பிடித்து ‘கீது’, ‘இல்ல’ என்று நான் மாற்றியது லைன்மேன்களுக்காக. முதல் நாள் பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். “எக்கா, கம்ப்யூட்டரே நம்ம பாஷ பேசுது பாரு, சோக்கா கீது” என்று ஒருத்தன் போனில் படம் எடுத்துக்கொண்டான். அவன்தான் சடையங்குப்பத்துக்காரன். இந்தக் கதை அவனுடையது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தெருப் பெட்டியை வெயிலிலும் மழையிலும் கம்பத்தில் தொங்கவிட முடியாது. அதனால் அந்தத் தெருவில் யாராவது ஒருவர் வீட்டில், பரண்மேலோ அலமாரிக்கு மேலோ வைத்துவிடுவோம். கரண்ட் அவர்கள் வீட்டுடையது, பதிலுக்கு அவர்களுக்கு இன்டர்நெட் சும்மா. சடையங்குப்பத்துப் பெட்டி இவன் வீட்டில் இருந்தது. அந்த ஊரில் அறுபது எழுபது வீட்டுக்கு நெட் போவது இவன் வீட்டுக் கூரைக்குக் கீழே இருந்துதான்.

இவன் முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தவன். அப்பாவும் சித்தப்பாவும் கடலுக்குப் போனவர்கள். இவனும் போனான். ஆற்றுவாயில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் சேர்ந்து மீன் இல்லாமல் போனபோது வலையை மச்சானிடம் கொடுத்துவிட்டுக் கேபிள் இழுக்க வந்துவிட்டான். கல்யாணம் ஆகிச் சடையங்குப்பத்தில் வீடு. மனைவிக்கு நுரையீரல் போய்விட்டது. முப்பத்தாறு வயதில் நாலு படி ஏறினால் உதடு நீலமாகிவிடும். சாம்பலா, கம்பெனிப் புகையா, சின்ன வயதிலிருந்து ஊதிய அடுப்பா என்று டாக்டர் யாரும் சொல்லவில்லை. வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷின் வைத்து, மூக்கில் டியூபோடு இருக்கச் சொல்லிவிட்டார்கள். மிஷினுக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சிலிண்டர், அதைச் சாவி போட்டுத் திறந்து டியூபை மாற்ற வேண்டும். மாற்ற ஒரு ஆள் வேண்டும்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு இவன் ஆபீசில் கேபிள் சுருளை எடுத்துக்கொண்டிருந்தபோது சடையங்குப்பம் வட்டம் சிவப்பானது. “உங்க தெரு போயிடுச்சுப்பா” என்றேன் சாதாரணமாக. சுருளை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். நான் ‘ஏலே, எங்கல ஓடுத’ என்று கத்தினேன். அரை மணி கழித்து அவனே கூப்பிட்டான். “கரண்டு பூடுச்சி எக்கா. மிஷின் நின்னு எட்டு நிமிசம். சிலிண்டர் மாத்திட்டேன். இப்போ நல்லாக்கீறா.” எங்கள் பெட்டியும் அவள் மிஷினும் ஒரே சுவரில், ஒரே பிளக் பலகையில் இருந்தன என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அவனுக்கு அது பழக்கமாகிவிட்டது. எந்தக் கம்பத்தில் ஏறி நின்றாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எனக்குப் போன் வரும். “எக்கா, நம்மூடு?” என்பான், நம்ம வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று அர்த்தம். “கீது” என்பேன். அவ்வளவுதான் பேச்சு. சிவப்பானால் அவன் கேட்பதற்கு முன்னால் நானே கூப்பிட்டுவிடுவேன். அந்த வருஷத்தில் நாலைந்து முறை அப்படி ஓடியிருக்கிறான். மற்றவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். “இன்னா மாமு, பொண்டாட்டியக் கம்ப்யூட்டர்ல வச்சிப் பாத்துக்கிற?” “ஆமாண்டா, உனுக்கு இன்னா பேஜாரு” என்று இவனும் விடமாட்டான். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. ஓசியில் எடுத்த ஒரு பக்கம் ஒரு உயிரைக் காவல் காக்கிறது என்று நானே வீட்டில் சொல்லிக்கொண்டேன். அதை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஆடி மாசம் அவர்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். வரச் சொல்லி இரண்டு நாள் நச்சரித்தான், போனேன். அவள் வாசலை ஒட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மூக்கில் டியூப், மடியில் ஒரு முறம் நிறைய உரித்த சின்ன வெங்காயம். கருவாட்டுக் குழம்பு பக்கத்து வீட்டில் கொதித்தது, இவள் இங்கிருந்தே அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். “ஏய், புளிய இப்பவே ஊத்தாத, கருவாடு கல்லாப் பூடும்!” என்று ஒரு கத்துக் கத்திவிட்டு, கத்தியதற்குச் சேர்த்து ஒரு நிமிஷம் இரைத்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உன் பொட்டி மேலதான் கீது பாரு எக்கா” என்று பரணைக் காட்டினாள். “ராவும் பகலும் கண்ண சிமிட்டிகினே கீது. எங்கூட்டுக்காரரு கண்ணாலம் கட்ன புதுசுலகூட என்னப் பாத்து அப்டி சிமிட்டனதில்ல.”

அவன் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். அவள் சிரித்தாள், இருமினாள், மறுபடி சிரித்தாள். எனக்கு இரண்டு சொம்பு கூழ் ஊற்றச் சொல்லி, நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை நான் நேரில் பார்த்துப் பேசியது அந்த ஒருமுறைதான்.

ஐப்பசி பிறந்ததும் முதலாளிக்கு ஒரு தலைவலி வந்தது. சடையங்குப்பத்தில் இரண்டு மூன்று வீடுகளில் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறவர்கள். அவர்கள் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு, கரண்ட் போனாலும் அவர்கள் கம்ப்யூட்டர் ஓடும். ஆனால் கரண்ட் போனால் எங்கள் பெட்டி நின்றுவிடும், நெட் போய்விடும். “வேற ஆளாண்ட மாறிடுவோம்” என்று சண்டை. முதலாளி மூன்று பேட்டரி வாங்கினார். கரண்ட் போனாலும் பெட்டி ஏழெட்டு மணி நேரம் தாங்கும். ஒன்று எர்ணாவூருக்கு, ஒன்று ராயபுரத்துக்கு, ஒன்று சடையங்குப்பத்துக்கு. சடையங்குப்பத்துக்கு மாட்டியது இவனேதான். வேறு யார் போவார்கள், அவன் வீடாயிற்றே.

மாட்டி முடித்துச் சரியாக வேலை செய்கிறதா பார்க்க எனக்குப் போன் போட்டான். “எக்கா, மெயின ஆப் பண்றேன். நீ அங்க பாத்துகினே இரு” என்றான். டப் என்று சுவிட்ச் விழும் சத்தம் கேட்டது. நான் திரையைப் பார்த்தேன். அரை நிமிஷம், ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்.

“இன்னா சொல்லுது?”

“கீது!” என்றேன்.

“அசையலியா?”

“அசையவே இல்லப்பா. பச்சப்பசேல்னு இருக்கு.”

அவனுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. “யோவ், மிஷின் நின்னுபூச்சுயா! ஜல்தி போடுயா!”

“இருடி, ஒரு நிமிசம் மூச்சப் புடிச்சிகினு குந்து” என்று அவன் சிரித்தான். சுவிட்சைப் போட்டான். மிஷின் மறுபடி உறுமுவது போனிலேயே கேட்டது. அவள் அவனை ஏதோ திட்டினாள், எனக்கும் சிரிப்பு வந்தது. அன்று சாயங்காலம் முதலாளி எல்லோருக்கும் டீயும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார். இனிமேல் இந்த மூன்று இடமும் சிவப்பாகவே ஆகாது என்று நானும் தட்டில் கையை வைத்துக்கொண்டு சொன்னேன்.

எப்படி மறந்தீர்கள் என்று கேட்பீர்கள். நாங்கள் எதையும் மறக்கவில்லை. பேட்டரி இருப்பது அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பச்சை என்றால் அவன் வீட்டில் கரண்ட் இருக்கிறது என்று ஒரு வருஷமாக இரண்டு பேருக்கும் தெரியும். இந்த இரண்டையும் எங்கள் இரண்டு பேரில் ஒருவர்கூடச் சேர்த்துப் பார்க்கவில்லை. பேட்டரி கஸ்டமர் விஷயம். ‘நம்மூடு’ வீட்டு விஷயம். மெயினை அணைத்ததும் மிஷின் நின்றதும் அவள் கத்தியதும் வட்டம் பச்சையாகவே இருந்ததும் ஒரே போன் பேச்சில் நடந்தது. நான் காதால் கேட்டேன், கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு பஜ்ஜி தின்றேன்.

அடுத்த மூன்று வாரம் பகலில் கரண்ட் போகவே இல்லை. ராத்திரி போனால் அவன் வீட்டில் இருப்பான், அவனே பார்த்துக்கொள்வான். பகலில் வழக்கம்போலக் கேட்பான், நான் வழக்கம்போலச் சொல்வேன்.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. அன்று இரண்டாம் நாள். சடையங்குப்பம் தாழ்வான ஊர், நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் பெய்தால் தெருவில் முட்டிக்கு வந்துவிடும். தண்ணீர் ஏறினால் யாருக்காவது ஷாக் அடித்துவிடக் கூடாது என்று கரண்டை நிறுத்திவிடுவார்கள். இது எங்களுக்கெல்லாம் வருஷா வருஷம் தெரிந்த சங்கதி. காலையில் அவன் கிளம்பும்போது மழை விட்டிருந்தது, தெருவில் கணுக்கால் தண்ணீர்தான். ராயபுரத்தில் மழைநீர்க் கால்வாய் தோண்டிய ஜேசிபி எங்கள் ஃபைபர் கேபிளை அறுத்துவிட்டது. துறைமுகத்துக்குப் போகும் சரக்குக்கு ரசீது போடும் ஆபீஸ்கள் நிறைந்த தெரு. அறுந்த ஃபைபரை ஒட்டத் தெரிந்தவன் அன்றைக்கு இவன் ஒருவன்தான்.

பதினொரு மணிக்குக் கூப்பிட்டான். “எக்கா, இங்க மய ஊத்துது. நம்மூடு?”

“கீது.”

பன்னிரண்டேகாலுக்கு மறுபடி. “அவ போனு போவல எக்கா. எல்லைக்கு வெளியேன்னு சொல்லிகினே கீது.”

“டவர் போயிருக்கும்பா. மழையில்ல? உன் வூடு பச்சையாத்தான் இருக்கு.”

“பக்கத்தூட்டுக்கும் போவல.”

“எல்லாருக்கும் அதே டவர்தானே? நீ பயப்படாம வேலையப் பாரு.”

டவர் ஏன் போயிருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இன்னொன்றும் தோன்றவில்லை. மழை நாளில் எல்லா ஊரிலிருந்தும் எனக்குப் புகார் வரும், அன்று சடையங்குப்பத்திலிருந்து ஒரே ஒரு போன்கூட வரவில்லை. பேட்டரி போட்டது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். கரண்டே இல்லாத ஊரிலிருந்து நெட் வரவில்லை என்று யார் கூப்பிடப் போகிறார்கள்?

ஒன்றரைக்கு மூன்றாம் முறை. குரல் வேறு மாதிரி இருந்தது. “எனுக்கு இன்னாமோ மாதிரி கீது எக்கா. பாதி ஒட்டிட்டேன். ஒரு எட்டு போய் பாத்துட்டு வந்துடறேனே.”

முதலாளி ராயபுரத்து ஆபீஸ்காரரோடு இன்னொரு போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னது முழுக்க நான்தான். “கிறுக்கா உனக்கு? கண்ணு முன்னாடி பச்சையா எரியுது. நான் பொய்யா சொல்றேன்? மிச்சத்த ஒட்டிட்டு ஒரேயடியா வூட்டுக்குப் போ. இந்தத் தண்ணியில போயிட்டுத் திரும்ப எப்ப வருவ?”

“கரண்டு கீதுல்ல?”

“கீதுப்பா” என்றேன்.

இரண்டரைக்கு ஒட்டி முடித்தான். ராயபுரம் வட்டம் பச்சையானது, முதலாளி கைதட்டினார். அவன் எனக்குக் கூப்பிடாமலேயே கிளம்பிவிட்டான். வழியெல்லாம் தண்ணீர். மணலி சாலையில் வண்டி நின்றுபோய், ஓரத்தில் விட்டுவிட்டு நடந்திருக்கிறான்.

நாலரை மணிக்குப் போன் வந்தது. எந்த இடத்தில் சிக்னல் கிடைத்ததோ தெரியவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீரில் யாரோ நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“எக்கா. கரண்டு இல்ல எக்கா.”

நான் திரையைப் பார்த்தேன். “பச்சையாத்தானேப்பா...” என்றேன். இதையும் சொன்னேன். ஆண்டவா, இதையும் என் வாய் சொன்னது.

“காலைல பத்தரைக்கே நிறுத்திட்டாங்களாம்.”

அப்புறம் அவன் சொன்னது: “அவ பூட்டா எக்கா.”

என் மேஜையில் வட்டம் பச்சையாக இருந்தது. பக்கத்தில் ‘சடையங்குப்பம் – கீது’ என்று இருந்தது.

மற்றதெல்லாம் பிறகு துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். அவன் வரத் தாமதமானால் சிலிண்டரைத் திறந்து கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் ஏறியதும் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்து மாடிக்குக் கொண்டுபோயிருந்தாள். இவளையும் தூக்கிப்போக ஆள் கூப்பிட்டிருக்கிறாள். இவள்தான், “நீ புள்ளிங்கள இட்டுகினு போ, எங்கூட்டுக்காரரு வந்துகினே இருப்பாரு, கரண்டு போனா அவுருக்கு ஆபீசுல தெரிஞ்சிடும்” என்றாளாம். கதவைத் திறந்து பார்த்தபோது சிலிண்டர் கட்டில்மேல் இருந்தது. அவளே இழுத்து ஏற்றியிருக்கிறாள். கையில் சாவி. கசிந்துவிடக் கூடாது என்று சிலிண்டர் வால்வை அவன் எப்போதும் தன் முழுப் பலத்தோடு இறுக்கி வைப்பான், அது அவளுக்குத் திரும்பவில்லை.

எங்கள் வட்டத்தை அவளும் நம்பினாள். அவனுக்குத் தெரிந்துவிடும் என்று அவள் காத்திருந்தாள். பரண்மேல் பெட்டி அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்திருக்கும். இதை நினைக்காமல் ஒருநாளும் போகவில்லை.

அவள் பிறந்த வீடு மூலக்கொத்தளத்துப் பக்கம், அங்கேதான் கொண்டுபோக வேண்டும் என்று அவள் அண்ணன்கள் நின்றார்கள். சுடுகாட்டில் பாதிக்கு மேல் சேறு. ஆண்களுக்குப் பின்னால் குடைக்கடியில் ஐந்தாறு பெண்கள் நின்றோம். பெரிய அண்ணன் அவனைச் சட்டையைப் பிடித்து உலுக்கினான். “மயன்னு தெரியும்ல? ஏண்டா வர்ல? எங்கடா குந்திகினு இருந்த?”

“கரண்டு கீதுன்னாங்க” என்றான் அவன். அவ்வளவுதான் சொன்னான்.

யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. நான் பத்தடி தூரத்தில் நின்றேன். நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அண்ணன் சட்டையை விட்டுவிட்டு அழ ஆரம்பிக்கும்வரை நேரம் இருந்தது. எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கும் இந்த வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. பயந்துவிட்டேன், அதுதான் உண்மை. இவ்வளவு நாள் கழித்து இங்கே எழுதுவது எந்தக் கணக்கிலும் சேராது என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் ஆபீசுக்குப் போனதும் அந்த நிரலைத் திறந்து ‘கீது’ என்ற சொல்லை அழித்தேன். ‘பதில் வருது’ என்று போட்டேன். ‘இல்ல’ என்பதை அழித்து ‘பதில் வரல’ என்று போட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, “இன்னாத்துக்கும்மா மாத்துன? நல்லாத்தானே இருந்துச்சி” என்றார். “என்ன நல்லாருந்துச்சு? என்னல நல்லாருந்துச்சு?” என்று நான் கத்திய கத்தில் கீழே பெயின்ட் கடைக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். முதலாளி அதற்குப் பிறகு அந்தத் திரைப் பக்கம் வருவதில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவன் வேலைக்கு வந்தான். மொட்டை அடித்திருந்தான். கேபிள் சுருளை எடுத்தான், ஏணியை எடுத்தான், எந்தத் தெரு என்று கேட்டான். நான் அவனுக்குப் பின்னாலேயே மாடிப்படியில் இறங்கிப் போய், வண்டிக்குப் பக்கத்தில் நின்று, “தப்பு எம்மேலதாம்பா” என்று ஆரம்பித்தேன்.

“வுடு எக்கா” என்றான். “பேட்ரிய மாட்னவன் நாந்தானே.”

என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். கை நீட்டி அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் போன் வேலைக்காக மட்டும்தான் வந்தது. பதினொரு மணி ஆனால் என் கண் தானாகப் போனைப் பார்க்கும். பார்த்துவிட்டு வேறு வேலை பார்ப்பேன்.

தை மாசத்தில் ஒருநாள் மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். சடையங்குப்பம் வட்டம் சிவப்பானது. அந்த மழைக்குப் பிறகு முதல் முறை. ஐந்து நிமிஷத்துக்குள் அங்கே வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறவர்கள் கூப்பிட்டுக் கத்த ஆரம்பித்தார்கள். “பேட்டரின்னு பீலா வுட்டீங்களே, இன்னாச்சு?” என்றார் ஒருவர். உள்ளறையிலிருந்து முதலாளியும் அதையே கேட்டுக் கத்தினார்.

அப்போதுதான் அவன் கூப்பிட்டான். எர்ணாவூரில் ஏதோ கம்பத்தில் இருந்தான், காற்றுச் சத்தம் கேட்டது.

“எக்கா, நம்மூடு?”

வட்டத்தை இன்னொரு முறை பார்த்தேன்.

“சிவப்புப்பா” என்றேன்.

“எப்போலேருந்து?”

“அஞ்சு நிமிஷம். அஞ்சாறு நிமிஷம் இருக்கும்.”

“ஆங். கரண்டு போய் அவ்ளோதான் ஆவுதாம். இப்போதான் பக்கத்தூட்டுல சொன்னாங்க” என்றான். “பேட்ரிய நேத்து ராத்திரி நான்தான் கயட்டிட்டேன் எக்கா. இப்போ கரீட்டா சொல்லுதுல்ல?”

“சொல்லுதுப்பா. கரெக்டா சொல்லுது.”

“ம்” என்றான். “சரி எக்கா, வச்சிடறேன்.”

முதலாளி வெளியே வந்து பேட்டரிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். கெட்டுப்போய்விட்டது, இனிமேல் அந்த இடத்துக்கு வேண்டாம் என்று சொன்னேன். சிவப்பு வட்டம் அன்று மூன்று மணி வரை அப்படியே இருந்தது. அவன் வீட்டுக்கு ஓடவில்லை. அந்தக் கம்பத்து வேலையை முடித்துவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போனான்.